ரப்பர் வளைந்துவிட்டது, மருந்து எப்போது வரும்?

வீட்டில் இருந்தபடி இதைப் படிக்கிறீர்களா? அப்படியானால் ஒரு நிமிடம் சமையலறைக்குப் போய், குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறந்து, மிக மெதுவாக மூடிப் பாருங்கள். கதவு பெட்டியைத் தொடுவதற்குச் சற்று முன்பே, அதன் ஓரத்தில் ஓடும் ரப்பர் பட்டை தானாக முன்னால் நீண்டு, இரும்புச் சட்டத்தை 'டப்' என்று கவ்விக்கொள்ளும். மீண்டும் திறந்தால் பட்டை கொஞ்சம் இழுபட்டு, பிறகு விட்டுவிட்டுப் பழைய வடிவத்துக்குத் திரும்பும்.

அந்தப் பட்டைக்குள் இருப்பது ஃபெரைட் என்னும் காந்தத் தூள். தூளை ரப்பர் போன்ற நெகிழும் பொருளோடு கலந்து, நீளப் பட்டையாக வார்த்திருக்கிறார்கள். இரண்டு வெவ்வேறு பொருள்களைச் சேர்த்து, இரண்டில் எதற்கும் தனியாக இல்லாத குணத்தைப் பெறும்போது அதைக் கூட்டுப்பொருள் என்கிறோம். தூள் மட்டும் இருந்தால் உதிர்ந்துவிடும். ரப்பர் மட்டும் இருந்தால் காந்தத்தைக் கண்டுகொள்ளாது. இரண்டும் சேர்ந்தால், காந்தப்புலத்தில் வடிவம் மாறும் மென்மையான பொருள் கிடைக்கிறது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பொருள் 2024ஆம் ஆண்டில் நம் சிங்கப்பூரில் செய்தியானது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் லும் குவோ ஸான் தலைமையிலான குழு, தானிய மணி அளவிலான மென்மையான ரோபோக்களை உருவாக்கியதாக அறிவித்தது. உள்ளே மின்கலம் இல்லை, மோட்டார் இல்லை, கம்பி இல்லை. பாலிமரும் நுண்ணிய காந்தத் துகள்களும்தான் இருக்கின்றன. வெளியிலிருந்து காந்தப்புலத்தை மாற்றினால் அது நகரும். நான்கு வகை மருந்துகள் வரை சுமந்து சென்று, நாம் விரும்பும் வரிசையிலும் அளவிலும் வெளியிடும். மூளைக் கட்டி, சிறுநீர்ப்பை, பெருங்குடல் புற்றுநோய் போன்றவற்றின் சிகிச்சைக்கு ஒருநாள் உதவலாம் என்பது ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பு.

நல்ல ஆய்வு. பெருமைப்பட வேண்டிய ஆய்வு. ஆனால் அந்தச் செய்தி வெளியான சில நாள்களில் நடந்த ஒன்றுதான் என்னை இதை எழுத வைத்தது.

செங்காங்கில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் மாலை வேளைகளில் உட்கார்ந்திருக்கும் ஒரு மூத்தவர் இருக்கிறார். நாங்கள் எல்லாரும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். பெருங்குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தார். கைப்பேசியில் அந்தச் செய்தியைக் காட்டி, தணிந்த குரலில் கேட்டார்: "தம்பி, இதுல என் வியாதி பேரும் போட்டிருக்கு. இது வர்ற வரைக்கும் கீமோவக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமா? டாக்டர்கிட்ட கேட்டா திட்டுவாரு."

"வேண்டாம் மாமா, நாளைக்கே போங்க," என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஏன் வேண்டாம் என்று அவருக்குப் புரியும்படி விளக்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. செய்தியில் பொய் ஒன்றும் இல்லை. 'ஒருநாள் உதவலாம்' என்றுதான் இருந்தது. ஆனால் 'ரோபோ' என்ற சொல்லையும் தன் நோயின் பெயரையும் அடுத்தடுத்துப் படித்தவருக்கு 'ஒருநாள்' என்பது அடுத்த ஆண்டாகத் தெரிந்திருக்கிறது.

இதில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தகைய கண்டுபிடிப்புகளை 'ரோபோ' என்று பார்ப்பதைவிட, 'காந்தப்புலத்தில் வளையும் ரப்பர்' என்று பார்ப்பதுதான் நல்லது. அப்படிப் பார்த்தால் உங்களுக்கு இயற்பியல் புரியும். மாமாவைப் போன்றவர்களுக்கு நிலவரம் புரியும். அதோடு, சரியான கேள்விகளும் தானாகவே வரும்.

முதலில் இயற்பியலைப் பார்ப்போம்.

காந்தப்புலத்தில் ஒரு பொருளின் வடிவம் மாறும் என்பது புதிய செய்தி அல்ல. ஆற்றலின் அலகுக்குத் தம் பெயரைத் தந்த ஜேம்ஸ் ஜூல், 1842ஆம் ஆண்டிலேயே இதை அறிவித்தார். இரும்புக் கம்பியைக் காந்தமாக்கினால் அது மிக மிகச் சிறிதளவு நீள்கிறது. எவ்வளவு சிறிது? ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பி ஏறக்குறைய 0.01 மில்லிமீட்டர்தான் நீளும். அது ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. மின்மாற்றி இருக்கும் அறைக்கு அருகே நடக்கும்போது 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் கேட்டிருப்பீர்கள். நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. ஒவ்வொரு சுழற்சியிலும் மின்மாற்றியின் இரும்பு இருமுறை நீண்டு சுருங்குவதால், வினாடிக்கு 100 முறை அதிர்கிறது. அந்த ரீங்காரத்தில் பெரும்பங்கு ஜூல் கண்ட விளைவுதான்.

இரும்பு இவ்வளவு குறைவாக நீள்வதற்குக் காரணம், அது விறைப்பானது. அணுக்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கின்றன. அப்படியானால் அதே இரும்பைத் தூளாக்கி, நெகிழும் ரப்பருக்குள் தூவிவிட்டால்? இந்த எளிய யோசனையிலிருந்துதான் இத்துறை வளர்ந்தது. 1990களில் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் மிக்லோஷ் ஸ்ரீனியின் குழு, இரும்பு ஆக்சைடுத் துகள்களை ஜெல்லுக்குள் வைத்துச் சோதித்தது. காந்தத்தை அருகில் கொண்டுபோனால் ஜெல் கண்ணெதிரே நீண்டது. எடுத்துவிட்டால் பழையபடி சுருங்கியது.

இங்கே ஒரு சொல் உங்களைக் குழப்பக்கூடும். 'மென்மை' என்பதற்கு இங்கே இரண்டு பொருள் உண்டு. ஒன்று, கையால் அமுக்கினால் நெகிழும் மென்மை. அது ரப்பரின் குணம். இன்னொன்று, காந்த வகையான மென்மை. உயர்நிலைப் பள்ளிப் பாடத்தில் தேனிரும்பையும் எஃகையும் ஒப்பிட்டுப் படித்திருப்பீர்கள். தேனிரும்பு எளிதில் காந்தமாகும், புலத்தை நீக்கியதும் எளிதில் காந்தத்தன்மையை இழக்கும். அது மென்காந்தம். எஃகு காந்தத்தன்மையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது வன்காந்தம். ஒரு ரப்பர் துண்டு கைக்கு மென்மையாக இருந்துகொண்டே, உள்ளே வன்காந்தத் தூளை வைத்திருக்கலாம். உங்கள் குளிர்பதனப் பெட்டியின் பட்டை அப்படிப்பட்டதுதான்.

உள்ளே எந்த வகைத் தூள் என்பதைப் பொறுத்து, வளையும் விதமும் மாறும்.

மென்காந்தத் தூள் என்றால், புலம் வரும்வரை ஒவ்வொரு துகளும் சும்மா இருக்கும். புலம் வந்ததும் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தமாகிவிடும். முன்னும் பின்னுமாக வரிசையில் நிற்கும் துகள்கள் ஒன்றையொன்று ஈர்க்கும். பக்கவாட்டில் நிற்பவை ஒன்றையொன்று தள்ளும். இந்த இழுபறியில் ரப்பரும் சேர்ந்து இழுபடுகிறது. புலம் ஒரு பக்கம் வலுவாகவும் மறுபக்கம் வலுக்குறைந்தும் இருந்தால், முழுத் துண்டும் வலுவான பக்கத்தை நோக்கி வளையும் அல்லது நீளும். புலத்தை நீக்கியதும் துகள்கள் காந்தத்தை மறந்துவிடும். ரப்பரின் மீள்தன்மை வடிவத்தை மீட்டுத் தரும்.

வன்காந்தத் தூள் என்றால் கதை வேறு. தூளுக்கு முன்கூட்டியே ஓர் ஒழுங்கைக் கற்றுக்கொடுக்கலாம். மெல்லிய ரப்பர் நாடாவை ஒரு குச்சியில் சுற்றி, வலுவான புலத்தில் ஒருமுறை வைத்தெடுத்து, பிறகு விரித்துவிடுங்கள். இப்போது நாடாவின் ஒவ்வோர் இடத்திலும் காந்தத்தின் வடக்கு வெவ்வேறு திசையைக் காட்டிக்கொண்டிருக்கும். இந்த நாடாவைச் சாதாரணப் புலத்தில் வைத்தால், திசைகாட்டி முள் திரும்புவதுபோல ஒவ்வொரு பகுதியும் தன் வடக்கைப் புலத்தின் திசைக்குத் திருப்பப் பார்க்கும். ஒரு முனை இடம்புறமும் மறுமுனை வலம்புறமும் திரும்பினால், நாடா பிறைபோல வளைந்துவிடும். புலத்தின் திசையைச் சுழற்றினால் வளைவும் மாறும். அடுத்தடுத்து மாற்றினால் நாடா நடக்கும்.

இதை உங்கள் கையாலேயே உணரலாம். அஞ்சல் பெட்டியில் வந்து விழும் துணைப்பாட வகுப்பு விளம்பரக் காந்தங்கள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்புப் பக்கங்களை ஒன்றோடொன்று சேர்த்து மெல்லத் தேயுங்கள். ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போகும். அதற்குக் குறுக்குத் திசையில் 'தட தட' என்று தாவித் தாவிப் போகும். கண்ணுக்குத் தெரியாத காந்தக் கோடுகளை வரிவரியாக அந்த ரப்பருக்குள் எழுதி வைத்திருக்கிறார்கள். ரோபோ நாடாவிலும் இதுபோலத்தான், நுட்பமாக எழுதுகிறார்கள்.

இந்த முறையில் செய்த ஒரு நாடா 2018ஆம் ஆண்டில் 'நேச்சர்' ஆய்விதழில் வெளியாகி உலகெங்கும் பேசப்பட்டது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், மேக்ஸ் பிளாங்க் ஆய்வுக்கழகத்தில் மெட்டின் சிட்டி தலைமையில் நடந்த அந்த ஆய்வில் நம் லும் குவோ ஸானும் ஒருவர். நாடாவின் நீளம் 3.7 மில்லிமீட்டர், தடிமன் 0.185 மில்லிமீட்டர். அது நீந்தியது, உருண்டது, நடந்தது, தாவியது, குழாய்க்குள் ஊர்ந்தது, சிறு சுமையைத் தூக்கிப் போய் இறக்கியது.

அந்தத் தடிமனைக் கவனியுங்கள். ஏன் அவ்வளவு மெல்லியதாகச் செய்தார்கள்? ஒரு பட்டையின் தடிமனைப் பாதியாக்கினால், வளைவதற்கு அது காட்டும் எதிர்ப்பு எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் உள்ளே இருக்கும் காந்தத் தூளோ பாதியாகத்தான் குறையும். எனவே மெல்லியதாக ஆக ஆக, காந்தத்தின் கை ஓங்கும். அதிகத் தூளைக் கொட்டினால் போதாதா என்று கேட்கலாம். தூள் கூடினால் இழுவிசை கூடும், ஆனால் ரப்பரும் விறைத்துவிடும். தோசை மாவில் மாவும் நீரும் போலத்தான். சரியான விகிதம் இருக்கிறது, அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ரோபோ என்ற சொல்லுக்குள் மறைந்து கிடக்கும் உண்மையான உழைப்பு இதுதான்: எவ்வளவு தூள், எந்தத் தூள், எவ்வளவு தடிமன், எந்த ரப்பர்.

இப்போது மாமாவின் கேள்விக்கு வருவோம். ரப்பர் வளைகிறது. மருந்தைச் சுமக்கிறது. அப்படியிருக்க, செங் லிம் இலகு ரயில் நிலையத்தில் இறங்கி, அருகிலுள்ள செங்காங் பொது மருத்துவமனைக்குள் நுழைபவருக்கு அது ஏன் இன்னும் கிடைக்கவில்லை? இதைப் புரிந்துகொள்ள மூன்று கேள்விகள் போதும். இதுபோன்ற எந்தச் செய்தியைப் படித்தாலும் இந்த மூன்றையும் கேளுங்கள்.

முதல் கேள்வி: காந்தம் எவ்வளவு தூரத்தில் இருந்தது?

காந்த விசை தூரத்தோடு மிக வேகமாகக் குறையும். ஒரு காந்தத்திலிருந்து அதன் அளவைவிடப் பல மடங்கு தள்ளிப் போனபின், தூரத்தை இரு மடங்காக்கினால் புலம் எட்டில் ஒன்றாகிவிடும். வன்காந்தத் துகளை இழுக்கும் விசை 16இல் ஒன்றாகிவிடும். மென்காந்தத் துகளுக்கு நிலைமை இன்னும் மோசம். அது புலத்தின் வலுவால்தான் காந்தமாகிறது. புலம் குறைந்தால் அதன் காந்தத்தன்மையும் சேர்ந்தே குறையும். ஆகவே இழுக்கும் விசை 128இல் ஒன்றாகிவிடும். ஆய்வுக்கூட மேசையில் நாலா பக்கமும் மின்காந்தச் சுருள்களை நெருக்கமாக வைத்து, நடுவில் சிறு தட்டில் ரோபோவை ஓட்டலாம். மனிதரின் வயிறு அந்தத் தட்டைவிட மிகப் பெரியது. தோலிலிருந்து குடலுக்குப் பல சென்டிமீட்டர் தூரம்.

'எம்ஆர்ஐ இயந்திரம் ஒரு முழு மனிதரையே வலுவான புலத்துக்குள் படுக்க வைக்கிறதே' என்று உங்களில் சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. மருத்துவமனை எம்ஆர்ஐ பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா. சிங்கப்பூரில் பூமியின் காந்தப்புலத்தைப்போல அது பல்லாயிரம் மடங்கு. ஆனால் அதன் முதன்மைப் புலம் ஒரே திசையில் நிற்பது. நாடாவை நடக்க வைக்கப் புலத்தின் திசையை நொடிக்கு நொடி திருப்ப வேண்டும். எம்ஆர்ஐ அதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதோடு, வன்காந்தத் தூள் உடலில் இருப்பவரை எம்ஆர்ஐக்குள் அனுப்பினால், அந்த வலுவான புலம் தூளை முறுக்கி இழுக்கும். நாம் பாடுபட்டு எழுதிய காந்தக் கோடுகளையும் அழித்துவிடக்கூடும். அப்படியானால் புற்றுநோயாளிக்கு ஸ்கேன் தேவைப்படும்போது மருத்துவர் என்ன செய்வார்?

இரண்டாவது கேள்வி: எதற்குள் வைத்துச் சோதித்தார்கள்?

2018 நாடாவைச் செயற்கை வயிற்று மாதிரியிலும், கோழி இறைச்சிக்குள்ளும் ஓட்டிப் பார்த்தார்கள். இறைச்சிக்குள் அது எங்கே இருக்கிறது என்பதை அல்ட்ராசவுண்ட் கருவியால் கண்காணித்தார்கள். இது நேர்மையான, தேவையான படி. ஆனால் கோழி இறைச்சியில் ரத்தம் ஓடாது, அது மூச்சு விடாது, இருமாது. உயிருள்ள குடல் ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கும். கீழ்த்தளத்தில் மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவர் உடனே விரைவுச் சாலைக்குப் போக முடியுமா? கற்றது உண்மைதான். ஆனால் இடையில் பல படிகள் இருக்கின்றன.

மூன்றாவது கேள்வி: வேலை முடிந்ததும் அது எங்கே போகும்?

பலரும் கேட்க மறக்கும் கேள்வி இதுதான். வலுவான வன்காந்தத் தூளில் நியோடிமியம், இரும்பு, போரான் ஆகியவை இருக்கின்றன. ஈரமும் உப்பும் உள்ள இடத்தில் அது எளிதில் அரிக்கும். நம் உடல் முழுக்க ஈரமும் உப்பும்தான். 2022ஆம் ஆண்டில் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தில் உருவான காந்தக் கூழ் ரோபோவை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். அதன் துகள்கள் நச்சுத்தன்மை உடையவை என்பதால், ஆய்வாளர்களே அதன்மேல் சிலிகா படலம் பூசினார்கள். அந்தப் படலம் எவ்வளவு நாள் தாங்கும் என்பதுதான் நோயாளிக்கு முக்கியம்.

பாதுகாப்பான தூளே இல்லையா? இருக்கிறது. இரும்பு ஆக்சைடை நம் உடல் ஓரளவு கையாளும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகைக்கு, இரும்பு ஆக்சைடு நுண்துகள் மருந்து ஒன்றை அமெரிக்கா 2009ஆம் ஆண்டிலேயே அனுமதித்தது. ஆனால் இரும்பு ஆக்சைடு பெறக்கூடிய உச்சக் காந்தத்தன்மை, இரும்பு பெறுவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. உடலுக்கு இதமான தூள், காந்தத்துக்கு மந்தமாக இருக்கிறது. காந்தத்துக்குச் சுறுசுறுப்பான தூள், உடலுக்கு ஆபத்தாக இருக்கிறது. இந்த முடிச்சை அவிழ்ப்பவர்தான் மாமாவைப் போன்றவர்களுக்கு உண்மையில் உதவுவார். அவர் இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களில் ஒருவராகவும் இருக்கலாம்.

இந்த மூன்று கேள்விகளையும் வைத்துப் பார்த்தால், எது முதலில் மருத்துவமனைக்கு வரும் என்று ஊகிக்கவும் முடியும். 2019ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்ஐடியில் ஷுவான்ஹே ஜாவ் குழு, காந்தத் துகள் கலந்த மெல்லிய இழை ஒன்றை உருவாக்கியது. வெளியே ஒரு காந்தத்தைத் திருப்பினால் இழையின் நுனி வளையும். மூளை ரத்தக் குழாய்களின் சிலிகோன் மாதிரிக்குள் வளைந்து நெளிந்து அதைச் செலுத்திக் காட்டினார்கள். பக்கவாதம் வந்தவரின் மூளையில் அடைப்பை நீக்க உதவலாம் என்பது நோக்கம். தாவும் நாடாவைப்போல அது வியப்பூட்டாது. ஆனால் அதற்கு ஒரு வால் இருக்கிறது. இழையின் மறுமுனை மருத்துவரின் கையில் இருக்கும். வேலை முடிந்ததும், அல்லது ஏதாவது தவறானாலும், வெளியே இழுத்துவிடலாம். மூன்றாவது கேள்விக்கு அதனிடம் பதில் இருக்கிறது. சுதந்திரமாக நீந்தும் ரோபோவுக்கு முன்னால் இந்த இழைதான் நோயாளிகளிடம் வந்து சேரும் என்பது என் கணிப்பு.

என் கருத்துக்கு மறுப்பும் உண்டு. என் நண்பர், இயற்பியல் ஆசிரியர், இதைப் படித்துவிட்டுச் சொன்னார்: "வளையும் ரப்பர் என்று எழுதினால் எந்த மாணவன் படிப்பான்? ரோபோ என்றால்தான் நிமிர்ந்து உட்கார்வான். ஆர்வம் வந்தபிறகு மற்றதைச் சொல்லிக்கொள்ளலாம்." அதில் உண்மை இருக்கிறது. ஆய்வுக்குப் பணமும் இளையர்களும் வேண்டும், நம்பிக்கை இல்லாமல் இரண்டும் வராது. நானும் ஒரு காலத்தில் ரோபோ படம் பார்த்துத்தான் அறிவியலுக்குள் வந்தேன். ஆனால் செய்தியைப் படிப்பவர்கள் மாணவர்கள் மட்டுமல்ல. மாணவருக்கு அது ஆர்வமூட்டும் செய்தி. மாமாவுக்கு அது சிகிச்சையைத் தள்ளிப் போடலாமா என்ற முடிவு. ஒரே சொல் இரண்டு பேரிடமும் போய்ச் சேர்கிறது என்பதை எழுதுபவர்கள் மறக்கக் கூடாது. 'ரோபோ' என்றே எழுதட்டும். கூடவே தூரம், சோதித்த இடம், பிறகு என்ன ஆகும் என்ற மூன்றையும் மூன்று வரிகளில் எழுதிவிட்டால் போதும்.

கேள்வி கேட்பது கண்டுபிடிப்பைக் கொன்றுவிடாது. அதற்குச் சான்று மீண்டும் உங்கள் சமையலறையில்தான் இருக்கிறது.

பழைய குளிர்பதனப் பெட்டிகளில் இப்போதுள்ள ரப்பர் பட்டை கிடையாது. கதவை வெளியிலிருந்து கொக்கிபோட்டு மூடுவார்கள். கண்ணாமூச்சி விளையாடிய குழந்தைகள், தூக்கியெறியப்பட்ட பெட்டிகளுக்குள் ஒளிந்துகொண்டு, கொக்கி விழுந்து, உள்ளிருந்து திறக்க முடியாமல் மூச்சடைத்து இறந்தார்கள். அமெரிக்காவில் இது அடிக்கடி நடக்கவே, 1956ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. 1958ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதிக்குப் பிறகு செய்யப்படும் வீட்டுக் குளிர்பதனப் பெட்டிகளை உள்ளிருந்து தள்ளித் திறக்க முடிய வேண்டும் என்று அது விதித்தது. கதவு இறுக மூடவும் வேண்டும், ஒரு குழந்தை தள்ளினால் திறக்கவும் வேண்டும். பிடி மிகக் குறைந்தால் குளிர்காற்று கசியும். மிகக் கூடினால் குழந்தை உள்ளேயே சிக்கும். இதற்குப் பொருத்தமாக அமைந்தது காந்தத் தூள் கலந்த ரப்பர் பட்டை.

அதை யாரும் ரோபோ என்று அழைக்கவில்லை. 'எவ்வளவு விசை? யார் கையால்? எந்த நிலையில்?' என்று அளந்து கேட்டார்கள். பதில் கிடைத்தபிறகு அது ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. இன்று செங்காங்கில் எந்த வீட்டின் சமையலறைக்குப் போனாலும் அது இருக்கும். நாம் கவனிப்பதுகூட இல்லை.

உடலுக்குள் போகும் ரப்பரும் அப்படி ஒருநாள் வரலாம். சிங்கப்பூரில் மருத்துவச் சாதனங்களைச் சுகாதார அறிவியல் ஆணையம் பரிசீலித்துப் பதிவு செய்தபிறகுதான் நோயாளிகளிடம் கொண்டுசேர்க்க முடியும். அந்தப் பரிசீலனையில் கேட்கப்படும் கேள்விகளைப் பள்ளிப் பருவத்திலேயே கேட்கப் பழகியவர்கள், பிற்காலத்தில் நல்ல பொறியாளர்களாகவும் மருத்துவர்களாகவும் இருப்பார்கள். வீட்டில் செய்திகளைப் படித்துக் கேட்கும் தாத்தா பாட்டிக்கு விளக்கிச் சொல்லவும் அவர்களால் முடியும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. காந்தங்களோடு சோதனை செய்ய ஆசை வந்தால், விளம்பரக் காந்தங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கோலிக்குண்டு போன்ற வலுவான சிறு காந்தங்களைத் தம்பி தங்கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். இரண்டை விழுங்கிவிட்டால், அவை குடலின் சுவரை இடையில் வைத்து ஒன்றையொன்று கவ்வி, குடலைத் துளைத்துவிடும்.

மாமா மறுநாள் மருத்துவமனைக்குப் போனார். கீமோதெரபி சுற்றுகளை முடித்துவிட்டார். இன்னும் மாலையில் கீழ்த்தளத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். சென்ற வாரம் வேறொரு செய்தியைக் காட்டினார். நான் வாயைத் திறக்கும் முன்பே, "எதுக்குள்ள வச்சு சோதிச்சாங்கன்னு இதுல எங்கயுமே போடலையே தம்பி?" என்று கேட்டார்.